‘ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸை வெட்டும் நேரம்’ என்று பையர் எழுதினால் என்ன அர்த்தம்?

அமராவதிக்கரை கேட்டது:

வணக்கம். ஒரு ஆங்கில வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். நாளை மதியத்துக்குள் பதில் மெயில் போட்டாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான் கரூரில் ஒரு ஹோம் டெக்ஸ்டைல்ஸ் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். ஏப்ரன், ஓவன் கிளவ், கிச்சன் டவல், நாப்கின், டேபிள் கிளாத் என்று சமையலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் வேண்டிய துணி எல்லாம் செய்கிறோம். லண்டனில் ஒரு பையர். நல்ல இடம்தான், பேமென்ட் தேதி தவறாது. ஆனால் எங்கள் கண்ணை மட்டும் நம்ப மாட்டார்கள். எந்த ஸ்டைலாக இருந்தாலும் பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முன் தைத்துக் காட்டும் மாதிரி) கூரியரில் லண்டன் போக வேண்டும், அங்கே ஓகே ஆன பிறகுதான் இங்கே பல்க் கட்டிங், அதாவது மொத்த ஆர்டருக்கும் துணி வெட்டுவது.

அந்த சாம்பிளைப் பார்க்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். ஏப்ரனில் பாடி துணி ஒரு சாயப்பட்டறையில் ஓடும், கழுத்து நாடாவும் இடுப்பு நாடாவும் வேறு இடத்தில் டையிங் ஆகி வரும். எங்கள் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில் இரண்டும் ஒரே நீலமாகத் தெரியும். அவர் அதைக் கடை ட்யூப்லைட் போன்ற டி.எல்.84 வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நாடா பச்சையடிக்கிறது என்று கமென்ட் போடுவார். நாங்களும் அந்த விளக்கைப் போட்டுப் பார்த்தால், அட ஆமாம், லேசாகப் பச்சையடிக்கத்தான் செய்யும். மறுபடியும் நாடா, மறுபடியும் கூரியர். கட்டிங் டேபிளில் துணி விரித்தபடியே கிடக்கும். மாஸ்டர் வாயைத் திறந்தால் மூடமாட்டார்.

இப்போது ஸ்பிரிங் சீசன் ஆர்டரோடு அவரே எழுதியிருக்கிறார். அப்படியே தமிழில் தட்டுகிறேன்: “ஐ திங்க் இட்ஸ் அபவுட் டைம் வி கட் தி ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ். ஃப்ரம் ஸ்பிரிங் ஆன்வர்ட்ஸ், ப்ளீஸ் அப்ரூவ் யுவர் ஓன் பி.பி. சாம்பிள்ஸ்.” அதாவது, ஏப்ரன் நாடாவை வெட்டும் நேரம் வந்துவிட்டது, ஸ்பிரிங் முதல் பி.பி. சாம்பிளை நீங்களே ஓகே பண்ணிக்கொள்ளுங்கள் என்று. பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

எங்கள் ஓனர் மெயிலை போனில் பாதிதான் படித்தார். ‘கட்’ என்ற சொல் கண்ணில் பட்டதும், “என்னம்மா, நம்மளத் தண்ணி தெளிச்சு விட்டுட்டாங்களா?” என்றார். சாம்பிளிங் மாஸ்டர் இன்னும் ஒரு படி மேலே. நாடாவை வெட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, “நாடா இல்லாம ஏப்ரன எப்பிடிங்க கட்டுவாங்க? வெல்க்ரோவா?” என்று கத்திரியோடு வந்து நின்றார்.

அகராதியில் தேடினேன். தாயைச் சார்ந்திருப்பதை விட்டு ஒருவர் சுதந்திரமாவது என்று இருக்கிறது. என் சந்தேகங்கள்: ஒன்று, எங்களைக் கைக்குழந்தை என்று குத்திக் காட்டுகிறாரா? இரண்டு, கழற்றி விடுவதற்கு நாசூக்கான முன்னுரையா? மூன்று, பதிலில் நானும் இதே சொற்றொடரைப் போடலாமா?

வீட்டுக்காரரிடம் அர்த்தத்தைச் சொல்லி அபிப்பிராயம் கேட்டேன். பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். பேச்சு அதோடு நின்றுவிட்டது.

---

நூல்கண்டு:

நம்ம ஊர் முந்தானைதாங்க அது. அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிகிறான் என்று சொல்வோம் இல்லையா, அங்கே புடவை கிடையாது, அதனால் ஏப்ரன் நாடா. இத்தனை நாள் எங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலைந்தீர்கள், போதும் என்கிறார்.

என்னைக் கேட்டால் குத்தல்தான். நானும் திருப்பூரில் வெகு காலம் கியூ.சி. (தரப் பரிசோதனை) பார்த்தவன். வெள்ளைக்காரன் சிரிப்புப் பொம்மை போட்டால் இரண்டு தடவை படிக்க வேண்டும். ஒரு “நோட்டட், தேங்க்ஸ்” போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். அந்தச் சொற்றொடரை நீங்கள் தொடவே தொடாதீர்கள்.

---

ஹாரோ பக்கம்:

தங்கச்சி, பயப்பட ஒன்றும் இல்லை. இது குத்தலும் இல்லை, கழற்றி விடுவதும் இல்லை. நூல்கண்டு தம்பி சொன்ன முந்தானை சரி, ஆனால் தொனியை அவர் பிழையாகப் பிடித்துவிட்டார்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்போது லண்டனுக்குப் பக்கத்தில் ஹாரோவில் இருக்கிறேன். ஒரு சட்டத்தரணி கந்தோரில், உங்கள் பேச்சில் வக்கீல் ஆபீஸில், வீடு விற்கிற, வாங்கிற பத்திரங்கள் பார்ப்பது என் வேலை. இந்தச் சொற்றொடரை நான் இங்கே கேட்காத மாதம் இல்லை.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: நாடாவை வெட்டுவது யார்? இதை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். தாய் சொன்னால், பிள்ளையை விடத்தான் வேண்டும் என்று தனக்கே சொல்லிக்கொள்கிறாள் என்று அர்த்தம். செப்டம்பர் கடைசியில் பிள்ளைகளைப் பல்கலைக்கழக விடுதியில் இறக்கிவிட்டு வருகிற தாய்மார் வேலைக்கு வந்து இதைத்தான் சொல்வார்கள். கார் டிக்கியில் ஒரு போர்வை, ஒரு கேத்தில், இரண்டு சட்டி, திரும்பி வரும்போது டிக்கி காலி. அவர்கள் வாயில் இது சோகமும் பெருமையும் கலந்த சொல். பிள்ளை தானே சொன்னால், வீட்டை விட்டு வெளிக்கிட்டேன் என்ற அறிவிப்பு. மூன்றாம் ஆள் இன்னொருவனைப் பார்த்துச் சொன்னால்தான் அது குத்தல். அதுவும் அநேகமாக ஆண்பிள்ளைகளைத்தான் சொல்வார்கள். பெண் பிள்ளை தாயோடு ஒட்டி இருந்தால் இங்கே யாரும் பெரிதாகப் பகிடி பண்ணுவதில்லை. ஆண் என்றால் ‘மம்மிஸ் பாய்’ என்று பட்டம் வேறு.

உங்கள் பையர் எழுதியது ‘வி கட்’. தாயின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு, நாங்கள்தான் இவ்வளவு நாளும் உங்களைப் பிடித்து வைத்திருந்தோம், இனி விடுகிறோம் என்கிறார். பழி தன் பக்கம். ‘யூ ஷுட் கட்’ என்று எழுதியிருந்தால் நானே உங்களுக்காகக் கோபப்பட்டிருப்பேன். அதோடு நீங்கள் ஏப்ரன் செய்கிற ஆட்கள் என்பதால் அந்த அம்மா வேண்டுமென்றே இந்தச் சொல்லைத் தேடி எடுத்திருக்கிறார். சிரிப்புப் பொம்மை அதற்குத்தான்.

குத்தலாகச் சொல்வது எப்படி இருக்கும் என்றும் சொல்கிறேன். ஒரு நாள் முப்பது வயது தாண்டிய பெடியன் ஒருவன் முதல் வீடு வாங்கக் கந்தோருக்கு வந்தான், தாயும் கூடவே. டெபாசிட்டில் பெரும்பங்கு தாயின் காசு. இங்கே இதற்கு ‘பேங்க் ஆஃப் மம் அண்ட் டாட்’ என்று பகிடிப் பெயர், பத்திரிகையிலேயே எழுதுவார்கள். அப்படிக் காசு வந்தால் வீட்டுக் கடன் கொடுக்கிற வங்கி ஒரு கடிதம் கேட்கும். இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டேன், அந்த வீட்டில் எனக்கு ஒரு பங்கும் உரித்தும் இல்லை என்று கொடுப்பவர் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தத் தாய் பேனையை எடுத்தார், மூடியைக் கழற்றினார், கடிதத்தை மேலிருந்து கீழ் ஒருமுறை வாசித்தார், பிறகு என்னைப் பார்த்து, “திறப்பு ஒன்று எனக்குத் தருவானா?” என்று கேட்டார். வீட்டுச் சாவியைத்தான் நாங்கள் திறப்பு என்போம். மகன் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தான். அவனிடம் கேட்கவில்லை. திறப்பைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை என்றேன். கையெழுத்து வைத்தார். அவர்கள் படியிறங்கிய பிறகுதான் என் கூட வேலை செய்கிற வெள்ளைக்காரர், இவன் இன்னும் அம்மாவின் ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸில்தான் கட்டுண்டு கிடக்கிறான் என்றார். படியிறங்கிய பிறகு என்பதைக் கவனியுங்கள். முகத்துக்கு நேரே சொல்கிற சொல் இல்லை அது, சொன்னால் மகனோடு சேர்த்துத் தாயையும் ஏசுகிற மாதிரி.

எங்கள் தொழிலுக்கும் இந்த நாடாவுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. தாய் மகனுக்கு முன்னமே இது கணவன் மனைவி சம்பந்தப்பட்ட சொல். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மனைவி வழியாகக் கிடைத்த காணியை, அவள் உயிரோடு இருக்கும் வரை மட்டும் கணவன் அனுபவிப்பதை ‘ஏப்ரன் ஸ்ட்ரிங் டென்யூர்’ என்று சொன்னார்கள். அவள் கண்ணை மூடினால் இவன் காணியை விட்டு இறங்க வேண்டியதுதான்.

இதை வைத்துப் பேசிய ஆள் சாதாரண ஆளும் இல்லை. 1688 டிசம்பரில் அரசன் இரண்டாம் ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடிவிட்டான். அடுத்தது யார் என்று 1689 தொடக்கத்தில் லண்டனில் பெரிய வாக்குவாதம். ஜேம்ஸின் மூத்த மகள் மேரிக்குத்தான் உரிமை, ஆகவே அவளை ராணியாக்குவோம், அவள் கணவன் ஆரஞ்சு இளவரசன் வில்லியம் துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு பக்கம் சொன்னது. ஹாலந்திலிருந்து படையோடு கடல் கடந்து வந்தவன் வில்லியம். இளவரசியை என்னைவிட மதிக்கிறவன் யாருமில்லை, ஆனால் ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸைப் பிடித்துக்கொண்டு எதையும் வைத்திருக்கிற ஆள் நான் இல்லை என்று சொல்லிவிட்டான். அவனோடு கூட இருந்த பர்னெட் என்ற பாதிரியார் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். வேண்டாம் என்றால் ஹாலந்துக்கே திரும்பிப் போகிறேன் என்றும் சொன்னானாம். கடைசியில் இரண்டு பேருக்கும் சேர்த்து முடி, நிர்வாகம் மட்டும் வில்லியம் கையில் என்று முடிந்தது. 1694 டிசம்பரில் மேரி அம்மை வந்து இறந்துபோனாள். வில்லியம் 1702 வரை அரசனாகவே இருந்தான். 1689இல் மற்ற ஏற்பாட்டுக்குத் தலையாட்டியிருந்தால் மனைவியின் சாவோடு அவன் முடியும் போயிருக்கும். காணி உறுதிப் பத்திரம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மனிதனுக்கு யாரோ நல்ல சட்ட ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள்.

(யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான எங்கள் தேசவழமையில் கதை வேறு மாதிரி. சீதனக் காணி மனைவி பேரில்தான் இருக்கும், ஆனால் அதை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். நாடா அவளுடையது, முடிச்சு இவன் கையில். இதைப் பற்றித் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன், விடுங்கள்.)

உங்கள் ஃபாக்டரிக்கு இன்னும் ஒரு சங்கதி. ஏப்ரன் என்ற சொல்லுக்கு முதலில் ‘ந’ இருந்தது, நேப்ரன். ‘எ நேப்ரன்’ என்று சொல்லிச் சொல்லி, காதில் ‘அன் ஏப்ரன்’ ஆகி, ‘ந’ முன் சொல்லோடு போய்விட்டது. நாப்கினில் அது பத்திரமாக இருக்கிறது. இரண்டும் துணியைக் குறிக்கிற ஒரே பிரெஞ்சுச் சொல்லின் பிள்ளைகள். ஆக நீங்கள் ஒரே கூரையின் கீழ் தைப்பது அக்காளையும் தங்கச்சியையும். ஆரஞ்சும் அப்படித்தான் ‘ந’வை இழந்தது, ஆனால் அது ஆங்கிலத்துக்கு வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. அரபிலும் பாரசீகத்திலும் அது நாரஞ், நாரங். அதற்கும் பின்னால் போனால் நம்முடைய நாரத்தை பக்கம்தான் வேர் இருக்கும் என்று அகராதிக்காரர்கள் ஊகிக்கிறார்கள்.

மூன்றாவது கேள்விக்கு: தாராளமாகப் போடலாம். அவரே தொடக்கிய பகிடி, நீங்களும் கை கொடுத்தால் சந்தோஷப்படுவார்.

---

அமராவதிக்கரை:

ஹாரோ அண்ணா, ரொம்ப நன்றி. ஓனருக்குப் போன் பண்ணி ‘வி கட்’ கதையைச் சொன்னேன். “அப்ப ஆர்டர் இருக்குதல்ல?” என்றார். இருக்குதுங்க என்றேன். வைத்துவிட்டார். வில்லியம் ராஜா வரைக்கும் போக அவருக்குப் பொறுமை இல்லை.

நாப்கின் கதையை ஃபினிஷிங் செக்‌ஷன் அக்காக்களிடம் சொல்லியாகிவிட்டது. இனி ஒரு வாரத்துக்கு இதுதான் அங்கே பேச்சு.

ஆனால் எனக்குப் புதிதாக ஒரு வயிற்றுக் கலக்கம். இதுவரை சாம்பிளில் குறை இருந்தாலும் “நீங்கள்தான் ஓகே பண்ணினீர்கள்” என்று சீல் போட்ட சாம்பிளைக் காட்டலாம். இனி நாங்களே ஓகே பண்ணி, பல்க் ஓடி, கன்டெய்னர் தூத்துக்குடி தாண்டிய பிறகு அங்கே அந்த அம்மா டி.எல்.84-ஐப் போட்டு “பச்சையடிக்கிறது” என்றால் யார் தலையில் விடியும்?

---

மழைக்காலத் தும்பி:

நடுவில் ஒரு சின்ன சந்தேகம். ‘கட் தி கார்ட்’ என்று ஒரு சீரியலில் கேட்டேன். அதுவும் இதுவும் ஒன்றா? கூட்டை விட்டுப் பறப்பது என்றும் ஒன்று சொல்கிறார்களே?

---

ஹாரோ பக்கம்:

தும்பி, ‘கார்ட்’ என்றால் தொப்புள்கொடி. கருத்து ஏறக்குறைய அதேதான், ஆனால் வீச்சு கூட. நாடாவை அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டலாம், கொடி அப்படி இல்லை. அதனால் வேலை, காதல், கட்சி, கம்பெனி என்று எதிலிருந்து முழுதாக விலகினாலும் ‘கார்ட்’ பொருந்தும். இப்போது பெடியள் வாயில் அதற்கு வேறு அர்த்தமும் வந்துவிட்டது: கேபிள் டி.வி. கனெக்‌ஷனை நிறுத்திவிட்டு இன்டர்நெட்டில் படம் பார்ப்பது. ‘ஐ கட் தி கார்ட்’ என்று ஒருவன் சொன்னால், தாயைப் பற்றியா நெட்ஃபிளிக்ஸைப் பற்றியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டில் இரண்டு இருக்கிறது. ‘ஃப்ளை தி நெஸ்ட்’ மரியாதையானது, பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போவது. பின்னால் மிஞ்சுகிற தாய் தகப்பனுக்கு ‘எம்ப்டி நெஸ்டர்’ என்று பெயர். ‘ஃப்ளை தி கூப்’ வேறு. ‘கூப்’ என்றால் கோழிக்கூடு, அதில் தப்பி ஓடுகிற வாடை உண்டு. சிறையில் இருந்து ஓடினவனுக்கும் அதையே சொல்வார்கள். உங்கள் மகன் கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போனதை ‘ஃப்ளூ தி கூப்’ என்று ஒருவர் சொன்னால், அவருக்கு உங்கள் வீட்டைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கிறது.

இன்னொன்று, இப்போது அதிகம் புழங்காதது: ‘லீடிங் ஸ்ட்ரிங்ஸ்’. முன்னாட்களில் நடை பழகுகிற குழந்தையின் சட்டைத் தோளில் இரண்டு நாடா தைத்து, விழாமல் பின்னால் இருந்து பிடித்துக்கொள்வார்கள். ‘இன் லீடிங் ஸ்ட்ரிங்ஸ்’ என்றால் இன்னும் பிறர் கைப்பிடியில் இருக்கிறான் என்று அர்த்தம். ஏப்ரன் நாடாவைப் பிள்ளை பிடித்துக்கொள்கிறது, இந்த நாடாவைத் தாய் பிடித்துக்கொள்கிறாள். உங்கள் லண்டன் அம்மா இத்தனை காலமும் செய்தது உண்மையில் இரண்டாவது வேலை. ஏப்ரன் கம்பெனிக்கு அதை எழுதினால் பகிடி விளங்காது என்று விட்டிருப்பார்.

---

பாராமட்டா:

சிட்னியில் இருந்து எழுதுகிறேன். இங்கே இந்தச் சொற்றொடரை வீட்டு விஷயத்தைவிட அரசியலில் அதிகம் பார்க்கிறேன். பிரிட்டனைத் தாய்நாடு என்று சொல்லிப் பழகிய தேசம் அல்லவா, அதனால் ஏப்ரன் ஸ்ட்ரிங்ஸ் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. குடியரசு பற்றி விவாதம் கிளம்பும் போதெல்லாம் ஏதாவது ஒரு பத்திரிகையில் இதைப் போட்டிருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஹாரோ ஐயா சொல்கிற ‘யார் வெட்டுவது’ என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் பதில் இரண்டு பக்கமும் இல்லை. 1931இல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் போட்டு, இனி உங்களுக்கு நீங்களே சட்டம் போட்டுக்கொள்ளுங்கள் என்று தாயே கத்திரியை நீட்டியாயிற்று. கனடாவுக்கு அது உடனே நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியா அதை ஏற்றுச் சட்டம் போட்டது 1942இல், அதுவும் ஜப்பான்காரன் வாசலுக்கு வந்த பிறகு. போர் தொடங்கிய 1939 செப்டம்பர் 3இலிருந்தே அமலில் இருந்ததாகக் கொள்ளுங்கள் என்று பின்தேதி போட்டுக்கொண்டார்கள். நியூசிலாந்து இன்னும் மெதுவாக, 1947இல்.

அதோடு முடிந்ததா? இங்கே ஒரு மாநிலக் கோர்ட்டில் தோற்றவர் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போகிற வழி 1986இல்தான் அடைபட்டது. நான் பிறந்ததற்கும் பின்னால். 1999இல் குடியரசாகலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள், ஏறத்தாழ 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஐந்து டாலர் நோட்டில் ராணி படத்துக்குப் பதில் அரசர் படம் வராது, பூர்வகுடிகளின் பண்பாட்டைக் காட்டும் வடிவம் வரும் என்று 2023இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. நாணயத்தில் மட்டும் அரசர் தலை வந்துவிட்டது. பையில் நோட்டு ஒரு கட்சி, சில்லறை ஒரு கட்சி.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘கட்’ என்றால் ஒரே வெட்டு என்று அமராவதிக்கரை நினைக்க வேண்டாம். நீங்கள் கேட்ட பொறுப்புக் கேள்வி இருக்கிறதே, நிஜ வாழ்க்கையில் அதுதான் பத்து இருபது வருஷம் இழுக்கும்.

---

நூல்கண்டு:

சரி, குத்தல் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன், ஹாரோ அண்ணன் சொன்னால் இருக்கும். ஆனால் பொறுப்புக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்லணும், அது என் ஏரியா.

மேடம், சொற்றொடர் அழகாகத்தான் இருக்கு. அதன் பின்னால் பையருக்கு லாபமும் இருக்கு. சாம்பிள் பார்க்க ஒரு ஆள், கூரியர், காலதாமதம், எல்லாம் மிச்சம். அது தப்பில்லை, நமக்கும் லீட் டைம் (ஆர்டர் வந்து சரக்கு போகும் வரை ஆகும் நாள்) குறையும். ஆனால் பதிலில் இதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கலர் எந்த லைட்டில் பார்த்து அப்ரூவ் பண்ணணும், டி65 மட்டுமா, டி.எல்.84-உம் சேர்த்தா. ஷேட் (நிறச்சாயல்) வித்தியாசத்துக்கு லிமிட் என்ன. நிறம் வெளிறியது ஒன்று, அடர்ந்தது ஒன்று என்று இரண்டு எல்லைச் சாம்பிள் வைத்து அவர்களிடம் ஒரே ஒரு தடவை சீல் வாங்கிவிட்டால் நடுவில் வருவது எல்லாம் ஓகே. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் யார் பண்ணுவது, ஏ.கியூ.எல். என்ன, அதாவது எவ்வளவு குறை வரை ஏற்றுக்கொள்வார்கள். மேஜருக்கு (பெரிய குறை) 2.5, மைனருக்கு (சின்னக் குறை) 4.0 என்று பொதுவாகப் போடுவார்கள், உங்கள் பையர் அதுக்கும் டைட்டா வச்சிருக்கலாம், பழைய மேனுவலைப் பாருங்கள். நாடா ஷேட் மாறினால் மேஜரா மைனரா என்று இப்போதே கேளுங்கள். ஷிப்மென்ட் போன பிறகு கேட்டால் எல்லாமே மேஜர்தான்.

பி.பி. சாம்பிள் எத்தனை பீஸ் எடுத்து வைக்கணும் என்பதும் முக்கியம். ஒன்று உங்கள் அலமாரியில், ஒன்று அவர்களுக்கு ரெஃபரன்ஸாக. பல்க்கோடு போனால் போதும், முன்கூட்டி கூரியர் வேண்டாம்.

---

அமராவதிக்கரை:

நூல்கண்டு அண்ணா, இதைத்தான் எதிர்பார்த்தேன். நாடா ஷேட் விஷயத்தை எங்கள் மேனுவலில் பார்த்தேன். ‘விசிபிள் ஷேட் வேரியேஷன்’ என்று ஒரே வரி, எந்த வெளிச்சத்தில் என்று இல்லை. கேட்கிறேன்.

பாராமட்டா, உங்கள் பின்தேதி கதையை ஓனரிடம் சொல்லவே மாட்டேன். பேக்கிங் லிஸ்டில் அவருக்கு அந்த யோசனை வந்துவிடும்.

பதில் இப்படி எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் போகப் போவதைத் தமிழில் சொல்கிறேன்:

“உங்கள் நம்பிக்கைக்கு நன்றி. ஏப்ரன் செய்கிறவர்கள் என்பதால் நாடாவை எப்போதும் இரட்டைத் தையல் போட்டே அனுப்பியிருக்கிறோம், அதனால் கொஞ்சம் கூர்மையான கத்திரியாகப் பாருங்கள். கடைசியாக இப்போதாவது எங்கள் சாம்பிளை நாங்களே அப்ரூவ் பண்ணுவதில் மகிழ்ச்சி. வேலை தொடங்கும் முன் நான்கு விஷயங்களை உறுதி செய்துகொள்ள விரும்புகிறோம்.” அதன் கீழே லைட், ஷேட் எல்லை, ஏ.கியூ.எல்., ரெஃபரன்ஸ் சாம்பிள்.

‘கடைசியாக இப்போதாவது’ என்ற இடத்தில் ‘அட் லாங் லாஸ்ட்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

---

ஹாரோ பக்கம்:

கத்திரிப் பகிடி அருமை, அப்படியே விடுங்கள், அந்த அம்மா அதைக் கந்தோர் முழுக்கக் காட்டுவார். ‘அட் லாங் லாஸ்ட்’டை மட்டும் எடுத்துவிடுங்கள். இவ்வளவு காலம் இழுத்தடித்தீர்களே என்ற முறைப்பாடு அதில் கேட்கும். ‘ஃப்ரம் திஸ் சீசன்’ போதும். நான்கு கேள்விகளையும் பகிடியில் இருந்து ஒரு வரி இடம் விட்டுத் தனியாக எழுதுங்கள். இங்கே ஆட்கள் சிரித்த வரியோடு மெயிலை மூடிவிடுவார்கள்.